ஒரே ஒரு வினைச்சொல் தெரிந்த ஸ்டார் சாமி

உலகத்தில் ஆயிரத்து ஐந்நூறு வருஷங்களாக ஒருவரும் பேசாத ஒரு பாஷையில் மூச்சு விடாமல் பேசக்கூடிய ஒரே மனிதர், மட்டாஞ்சேரியில் எங்கள் மிளகு ஏற்றுமதி ஆபீஸில், எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என் ஜாதக விசேஷம் அப்படி. பேசக்கூடியவர் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். அந்த பாஷையில் அவருக்கு முழுசாகத் தெரிந்தது ஒரே ஒரு வினைச்சொல்தான். 'கொடு' என்று அர்த்தம். அந்த ஒன்றை வைத்துக்கொண்டே அவர் ஓர் ஆபீஸையும், ஒரு மனைவியையும், துறைமுகத்துக்கு வந்த கப்பல்களில் பாதியையும் படுத்தி எடுத்தார். இரண்டாவது வினைச்சொல் தெரியாமல் போனது கொச்சிக்காரர்கள் செய்த புண்ணியம்.

பெற்றோர் வைத்த பெயர் நீளமானது. அதை யாரும் உபயோகித்ததில்லை. பாலக்காட்டிலிருந்து வந்த ஐயர் என்பதால் 'சாமி'. எழுதுகிற வார்த்தைக்கெல்லாம் முன்னால் ஒரு நட்சத்திரம் போடுவார் என்பதால் 'ஸ்டார்'. சரக்கு ரசீதின் பின்பக்கத்தில், டீக்கடை சுவரில், ஒரு தடவை என் புதுச் சட்டையின் கையில்கூட அந்த நட்சத்திரத்தைப் போட்டிருக்கிறார். விஷயம் தெரியாத துறைமுகக் கூலியாட்கள் அவரை ஜோசியர் என்று நினைத்து, பெண் கல்யாணம் எப்போது கூடிவரும் என்று கேட்டு வருவார்கள். சாமி அவர்களை உட்கார வைத்து, ரஷ்யா, போலந்து பக்கத்து ஸ்லாவ் இனத்தார் எல்லோரும் ஒரே வீட்டில் வாழ்ந்த காலத்தைப் பற்றி விஸ்தாரமாகச் சொல்லி அனுப்புவார். அவர்களும் தட்சிணை வைத்துவிட்டுப் போவார்கள்.

இந்தப் பைத்தியம் பிடித்த கதை இது. வெளியூர் வியாபாரிகளுக்கு மிளகு சாம்பிள் அனுப்ப, பழைய காகிதத்தை எடைக்கு வாங்கிப் பொட்டலம் கட்டுவது எங்கள் ஆபீஸ் வழக்கம். ஒரு முறை ஊரைக் காலி செய்துகொண்டு போன யாரோ ஒரு வெள்ளைக்காரரின் புஸ்தகங்கள் அந்த மூட்டையில் வந்தன. அதில் தடியாக ஒன்று. அது ரஷ்யன், போலிஷ், செக், செர்பியன், பல்கேரியன் எல்லாவற்றுக்கும் தாயான ஆதி பாஷையைப் பண்டிதர்கள் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று சொல்லும் ஆங்கிலப் புஸ்தகம். சாமியின் கண்ணில் அது படுவதற்குள் முதல் பாதி மிளகோடு லண்டனுக்குக் கப்பலேறிவிட்டது. கடைசிப் பகுதி ஹாம்பர்க் போய்விட்டது. நடுவில் மிஞ்சியது 'கொடு' என்ற சொல்லைப் பற்றிய ஓர் அத்தியாயமும் சில்லறைக் கிழிசல்களும். எழுதியவர் பெயர்கூட லண்டனில்தான் இருக்கிறது.

சின்ன வயதில் வேதம் படித்தவர் சாமி. அந்த அத்தியாயத்தில் 'ததாமி' என்ற சமஸ்கிருதச் சொல் அச்சாகியிருந்ததைப் பார்த்தாரோ இல்லையோ, காணாமல் போன தம்பியைச் சந்தையில் பார்த்தவர் மாதிரி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"ஓய், இங்கே பாரும்! 'ததாமி'ன்னா 'நான் கொடுக்கறேன்'. அதே சொல் அங்கே போயி 'தாத்மி' ஆயிட்டு, அப்பறம் நடுவுல இருக்கற 'த்' உதுந்து 'தாமி' ஆயிருக்கு. எங்கே இமயமலை, எங்கே ரஷ்யா! ரோமாஞ்சனமா இருக்கு ஓய், கையைத் தொட்டுப் பாரும்!"

நான் தொட்டுப் பார்த்தேன். மிளகுத் தூசியாக இருந்தது.

"அந்த நட்சத்திரம் என்னத்துக்கு சாமி?"

"அதாக்கும் விசேஷம். இந்தச் சொல்லை யாரும் எழுதி வெச்சதில்லை, கேட்டதுமில்லை. பேரன்களோட மூக்கையெல்லாம் பார்த்து, தாத்தா மூக்கு இப்படித்தான் இருந்திருக்கணும்னு வரையறது. போட்டோ இல்லை, ஊகம்னு சொல்றதுக்காக்கும் நட்சத்திரம்."

அன்று தொடங்கியது அர்ச்சனை. காலையில் வந்து துண்டால் மேஜையைத் தட்டிவிட்டு, "தாமி, தாஸி, தாஸ்தி" என்று ஆரம்பிப்பார். நான் கொடுக்கிறேன், நீ கொடுக்கிறாய், அவன் கொடுக்கிறான். பிறகு "தாவே, தாஸ்தா, தாஸ்தெ". இது இருவர் மட்டும் சேர்ந்து கொடுப்பதற்கு. பிறகு "தாமு, தாஸ்தெ, தாதெந்து". இது கூட்டமாகக் கொடுப்பதற்கு. அந்தக் கடைசிச் சொல்லில் மட்டும் உதிர்ந்துபோன 'த' உயிரோடு இருக்கிறதாம். அந்த இடம் வரும்போது சாமியின் குரல் தழுதழுக்கும். எங்கள் மிளகு வியாபாரத்தில் யாரும் யாருக்கும் எதுவும் சும்மா கொடுத்ததில்லை என்பதால், ஆபீஸில் ஒருவருக்கும் அந்த உருக்கம் தொற்றவில்லை.

நான் திருநெல்வேலிக்காரன். சும்மா இருப்பேனா? "சாமி, தமிழில் 'தா' என்று இருக்கிறதே, உம்ம ரஷ்யாக்காரன் இங்கேயிருந்துதானே கொண்டுபோனான்?" என்று ஒரு நாள் கேட்டு வைத்தேன். மனிதர் மூன்று வாரம் என்னோடு பேசவில்லை. பேசியபோது முதலில் சொன்னது, "மூக்கு ஒரே மாதிரி இருந்துட்டா தாயாதி ஆயிடுவாளா ஓய்?" என்பதுதான். அந்த மூன்று வாரமும் எனக்கு நல்ல நிம்மதி. ஆனால் மத்தியானச் சாப்பாடு போய்விட்டது. லாட்ஜில் தங்கியிருந்த எனக்கு சாமியின் டிபன் கேரியரில் பாதி வந்துகொண்டிருந்தது. அவர் மனைவி அம்புஜம் மாமியின் மொளகூட்டல் குழம்புக்காக ஸ்லாவ் இனத்தாரை மன்னிக்கலாம் என்று முடிவு செய்து, நானே போய்ச் சமாதானம் பேசினேன்.

மாமியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பாவம், அவள் சமையலறையிலிருந்து, "ஏன்னா, அந்தப் பித்தளைக் கிண்ணியை இங்கே குடுங்கோ" என்பாள். கூடத்திலிருந்து "தாமி, தாஸி, தாஸ்தி" என்று பதில் வரும். கிண்ணி வராது. ஒரு தடவை என்னிடம் சொன்னாள்: "அந்தக் கிழிசல் புஸ்தகம் வந்த நாள்லேர்ந்து இந்த மனுஷர் நான் கொடுக்கறேன், நான் கொடுக்கறேன்னு சொல்லிண்டே இருக்கார். இன்னி வரைக்கும் ஒரு கருவேப்பிலைக் கொத்து கொண்டுவந்து கொடுத்ததில்லை, கேட்டேளா?"

ஒரு மழைக்காலத்தில் போலந்துக் கப்பல் ஒன்று வந்து வில்லிங்டன் தீவில் நின்றது. பாஷையில் பேரன் வந்திருக்கிறான், பாட்டி பாஷையைக் காட்டாமல் விடுவதா? சாமி குடையை எடுத்துக்கொண்டு படகேறிப் போனார். கடைத்தெருவில் சிகரெட் வாங்கிக்கொண்டிருந்த ஒரு மாலுமியின் முன்னால் நின்று, கைகளைக் கூப்பி, "தாமி!" என்றார். நான் கொடுக்கிறேன். அந்த ஆள் முழித்தான். பிறகு முகம் மலர்ந்தது. அவன் பாஷையிலும் கிட்டத்தட்ட அப்படித்தானாம். புரிந்துவிட்டது! புரிந்ததால் அவன் கையை நீட்டிக்கொண்டு நின்றான். தருகிறேன் என்று ஒருவர் வலிய வந்து சொன்னால் பின்னே என்ன செய்வான்? சாமி அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுத் திரும்பினார். மாலுமி விடவில்லை. கையை நீட்டியபடியே படகுத்துறை வரை பின்னால் வந்தான். கடைசியில் சாமி குடையைக் கொடுத்துவிட்டு, தொப்பலாக நனைந்து ஆபீஸ் வந்து சேர்ந்தார். அவ்வளவு சந்தோஷமாக ஜலதோஷம் பிடித்த மனிதரை நான் பார்த்ததில்லை.

இப்படி ஒரு ஆளை எந்த முதலாளி வைத்துக்கொள்வார்? எங்கள் சேட்டு வைத்துக்கொண்டார். பல தலைமுறைக்கு முன்னால் குஜராத்திலிருந்து வந்து மட்டாஞ்சேரியில் ஊன்றிவிட்ட குடும்பம். சேட்டுக்கு சாமியின் ஆங்கிலக் கடிதங்கள் பிடிக்கும். ஹெட் கிளார்க் குறுப்புக்கு சாமியே பிடிக்காது. குறுப்பின் மச்சான் வேலையில்லாமல் சேர்த்தலையில் உட்கார்ந்திருந்தான், அவன் உட்காருவதற்கு ஒரு நாற்காலி தேவைப்பட்டது. "எந்தா சாமீ, ஓதிக்கொண்டிருக்கணுமெங்கில் அம்பலத்தில் போய்க்கூடே?" என்று, ஓதுவதானால் கோயிலுக்குப் போகலாமே என்கிற அர்த்தத்தில், தினமும் ஒரு தடவையாவது கேட்டுவிடுவார்.

குறுப்புக்கு நல்ல காலம் ரஷ்யாவிலிருந்து வந்தது. ரஷ்ய சர்க்கார் ஆட்கள் இருவர் நேரில் வந்து மிளகு வாங்கப் போகிறார்கள், எங்கள் கிடங்கையும் பார்ப்பார்கள் என்று செய்தி வந்ததும் சேட்டு சாமியைக் கூப்பிட்டார்.

"சாமி, ஒனக்கு ரஷ்யா பாஷை வரும்னு பஜார் பூரா பேசறான். நெஜமா?"

"ரஷ்யன் வராது சேட்டு. ரஷ்யனோட பாட்டி வரும். அதுலயும் ஒரே ஒரு..."

"பாட்டி வந்தா பேரன் வராமே எங்கே போவான்? நீதான் கூட இருக்கணும்."

குறுப்பு உடனே முன்னால் வந்தார். "செரி சேட்டே. பட்சே காரியம் கெட்டுப் போயெங்கில்?"

சேட்டு யோசிக்காமல், "கெட்டுப் போனா சாமி அடுத்த ரயில்லே பாலக்காடு போவான்" என்று சொல்லிவிட்டார். எல்லார் முன்னாலும் சொன்ன வார்த்தை. சேட்டு பஜாரில் வார்த்தை மாறாதவர் என்று பெயர் வாங்கியவர். சாமிக்கு ஊரில் நிலம் நீச்சு கிடையாது, வேறு வேலைக்குப் போகிற வயதும் இல்லை. அன்று மத்தியானம் மாமி அனுப்பியிருந்த சாதத்தை அவர் தொடவேயில்லை. எனக்கும் அன்று பசி எடுக்கவில்லை, ஆச்சரியம்.

அந்த நாளும் வந்தது. ரஷ்யர்கள் இருவர். ஒருவர் வயதானவர், யானை மாதிரி உடம்பு, பஞ்சு மாதிரி தலை. இன்னொருவன் இளைஞன். சிரிப்பதற்கு மாஸ்கோவிலிருந்து அனுமதி வரவில்லை போலிருக்கிறது. அவர்களோடு டில்லியிலிருந்து வந்திருந்த மொழிபெயர்ப்பாளர் முந்தின இரவு எர்ணாகுளம் ஹோட்டலில் கரிமீன் வறுவலைக் காரம் பார்க்காமல் சாப்பிட்டுவிட்டு, படுக்கைக்கும் பின்கட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தார். ஆக, இரண்டு தேசங்களுக்கு நடுவில் மிஞ்சியது சாமி மட்டும்.

மிளகைப் பார்த்தார்கள், கடித்தார்கள், தலையாட்டினார்கள். அதுவரைக்கும் பாஷை தேவைப்படவில்லை. பிறகு விலை. அங்கேதான் எங்கள் பஜாரின் வழக்கம் குறுக்கே வந்தது. விலையை வாயால் சொல்வதில்லை. வாங்குகிறவரும் விற்கிறவரும் கைகோத்துக்கொள்வார்கள். மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டு, விரலைப் பிடித்துப் பிடித்தே பேரம் நடக்கும். பக்கத்தில் நிற்பவனுக்குக்கூட விலை தெரியாது. அன்று எதிர்க் கட்டிட ஜன்னல்களில் எல்லாம் போட்டி வியாபாரிகளின் தலைகள் முளைத்திருந்தன. இந்த நிலையில் சேட்டு வாயைத் திறப்பாரா? தோளில் கிடந்த துண்டை உதறிப் பெரியவரின் கைமேல் போட்டு, உள்ளே தன் கையை விட்டார்.

இளைஞன் துள்ளி எழுந்தான். சர்க்கார் அதிகாரியின் கையைத் துணியால் மூடி, அதற்குள் வியாபாரி கையை விட்டால் உலகம் முழுவதும் அதற்கு ஒரே அர்த்தம்தானே? லஞ்சம்! அவன் ஏதோ கத்தினான். பெரியவர் முகம் வெளுத்து, நெருப்பைத் தொட்டவர் போலக் கையை வெளியே இழுத்துக்கொண்டார்.

இப்போது சேட்டு எழுந்தார். விலை படியாவிட்டால் துண்டுக்குள்ளேயே விரலால் சொல்லிவிட்டு மரியாதையாகக் கையை எடுக்க வேண்டும். உதறி இழுத்தால், 'நீ அயோக்கியன்' என்று நடுத்தெருவில் சொன்னதற்குச் சமம். சேட்டின் தாத்தா காலத்திலிருந்து அந்த அவமானம் அந்த வீட்டுக்கு நேர்ந்ததில்லை. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "போச்சொல்லு சாமி இவங்களை" என்றார். குறுப்பு என் பக்கம் திரும்பி, பாலக்காட்டு வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டார். அத்தனை மெதுவாக, அத்தனை பிரியமாக அவர் என்னிடம் எதையும் கேட்டதில்லை.

சாமி நடுவில் நின்றார். லஞ்சம் இல்லை, இது எங்கள் ஊர் வழக்கம் என்று சொல்ல வேண்டும். கையில் இருப்பதோ ஒரு வினைச்சொல். வியர்வையில் விபூதி கரைந்து மூக்கில் இறங்கியது. தன் நெஞ்சைத் தொட்டு "தாமி" என்றார். இளைஞனைக் காட்டி "தாஸி" என்றார். அவன் இன்னும் சிவந்தான். நான் கொடுக்கிறேன், நீ கொடுக்கிறாய் என்றால் லஞ்சம் உறுதியாகிவிட்டதே! சாமி விடாமல் இருவர் கொடுப்பதையும், கூட்டமாகக் கொடுப்பதையும் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். தண்ணீரில் விழுந்தவன் கையை அடிப்பது போல இருந்தது. என்னால் பார்க்க முடியவில்லை.

வடிவங்கள் எல்லாம் தீர்ந்துவிட்டன. மிச்சம் இருந்தது கெஞ்சிக் கேட்கிற வடிவம் ஒன்று. சாமி இரண்டு கையையும் கூப்பினார். "தாத்யி நாமு" என்றார். எங்களுக்குக் கொடு.

பெரியவரின் வலது கை தானாக எழுந்தது. சிலுவை போடப் போவதுபோல நெற்றி வரைக்கும் போனது. அங்கே நின்றுவிட்டது. பக்கத்தில் இளைஞன் நிற்பது அப்போதுதான் ஞாபகம் வந்திருக்க வேண்டும். வியர்வையைத் துடைப்பதுபோல நெற்றியைத் துடைத்துக்கொண்டார். கண்ணில் வந்ததை அப்படித் துடைக்க முடியவில்லை. "தாஷ்தி நாம்..." என்று உதட்டுக்குள் முணுமுணுத்து, மேலும் இரண்டு மூன்று சொற்கள் சொன்னார். பிறகு இளைஞனிடம் அதட்டலாக ஏதோ சொல்ல, அவன் உட்கார்ந்தான். பெரியவர் நேராகச் சேட்டிடம் வந்து, அவர் தோளிலிருந்த துண்டைத் தானே எடுத்துத் தன் கைமேல் போட்டு, நீட்டினார்.

பேரம் சீக்கிரம் முடிந்தது. ஆனால் துண்டு உடனே விலகவில்லை. "வெலை படிஞ்சுபோச்சு, இருந்தும் கையை விடலே அந்த மனுஷன். கெட்டியாப் புடிச்சிட்டே இருந்தான்" என்று சேட்டு பிறகு சொன்னார்.

சாயங்காலம் வயிறு அடங்கி மொழிபெயர்ப்பாளர் வந்தார். பெரியவர் அவரைத் தனியாக வராந்தாவுக்குக் கூட்டிப்போய், நெற்றியில் பட்டை போட்டிருக்கும் அந்த மனிதர் எந்த மாதா கோயிலில் பாதிரியாராக இருக்கிறார் என்று கேட்டாராம். அன்றாட அப்பத்தை எங்களுக்குக் கொடு என்று பெரியவருடைய அம்மா ரொட்டி சுடும்போது தினமும் ஜெபம் சொல்வாளாம். பழங்கால பாஷை, கோயிலில் மட்டும் கேட்கிற பாஷை. அம்மா போன பிறகு அந்தச் சொல்லை யாரும் அவர் காதுபட அப்படிச் சொன்னதில்லையாம். ஜெபம் செய்தாலே வேலைக்கு ஆபத்தான சர்க்கார் என்பதால், யாரிடமும் சொல்லிவிடாதே என்று மொழிபெயர்ப்பாளரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்த நம்பிக்கைக்குப் பாத்திரமானவர் எங்கள் ஆபீஸில் ஒருவர் விடாமல் எல்லோரையும் கூட்டி வைத்துச் சொல்லிவிட்டுத்தான் போனார்.

மறுநாள் காலை சேட்டு சாமியை எல்லார் முன்னாலும் நிறுத்தினார். "இனிமே நீ நம்ம கம்பெனியோட ரஷ்யா பாஷை ஆபீசர். வாசல்லே போர்டு மாட்டறேன்."

தலையை ஆட்டிவிட்டுப் போக வேண்டியதுதானே? சாமி ஆட்டவில்லை.

"வேண்டாம் சேட்டு. நேக்கு ரஷ்யன் தெரியாது. நான் சொன்னது யாரும் பேசாத பாஷை. அவர் சொன்னது அதுக்கப்பறம் வந்தது, கொஞ்சம் வேறே. அவருக்கு அம்மா ஞாபகம் வந்தது. காரியம் நடந்தது தெய்வாதீனம்."

குறுப்பு எழுந்தே விட்டார். "கேட்டில்லே சேட்டே? ஆள் தன்னே சம்மதிச்சு! ஒண்ணும் அறியில்லா!"

கிணற்றிலிருந்து ஏறி வந்தவர் திரும்பவும் தானாகவே குதிக்கிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சேட்டு தோள் துண்டைச் சரிசெய்துகொண்டார். பிறகு குறுப்பு பக்கம் திரும்பினார்.

"குறுப்பு, ஒனக்கு எத்தனை பாஷை வரும்?"

"மலையாளம், இங்கிலீஷ், ஹிந்தி, தமிழும் வரும்."

"இத்தனையும் வெச்சிட்டு எங்கேயாவது யாரையாவது அப்படி அழவெச்சிருக்கியா?"

டைப்பிஸ்டை அழவைத்திருக்கிறார் என்று சொல்ல நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டேன். சேட்டு, "போர்டு வேண்டாம். சாமி இருப்பான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அவ்வளவுதான். குறுப்பின் மச்சான் சேர்த்தலையிலேயே உட்கார்ந்திருந்தான்.

கூட்டம் கலைந்ததும் நான் சாமியைப் பிடித்துக்கொண்டேன். "உமக்கு மூளை இருக்கிறதா ஓய்? சும்மா வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் என்ன? மாமியை ஒரு நிமிஷம் நினைத்தீரா? அந்தக் குறுப்பு ரயில் பார்க்கிறான், நீர் இலக்கணம் பார்க்கிறீர்!"

சாமி என்மேல் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றி வேஷ்டி நுனியால் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"நான் இத்தனை நாள் அதை வெறும் சொல்லுன்னாக்கும் நெனச்சேன் ஓய். அந்த மனுஷர் அவர் அம்மாவையே எடுத்து நேக்குக் கொடுத்துட்டுப் போயிருக்கார். அதை வாங்கி வெச்சுண்டு நான் எப்படிப் பொய் சொல்றது?"

நான் பேரேட்டைப் பிரித்து, தலையைக் குனிந்துகொண்டேன். அப்போதே ஒன்று சொல்லியிருக்க வேண்டும்: சாமி, சேட்டு உம்மை அன்றைக்கு ரயிலேற்றியிருந்தால், பக்கத்து இடத்தில் நானும் ஏறி உட்கார்ந்திருப்பேன்.